சைகோன் நாற்காலி

மகனே,

உன் கடிதம் கப்பலில் ஆடி அசைந்து வந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் கிடைத்தது. நீ, மருமகள், குழந்தைகள் எல்லோரும் சுகம் என்று முதல் பக்கத்தில் படித்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்திலேயே அந்தப் பாலைத் திரித்தும் விட்டாய். தை மாதம் வருகிறாய், வந்ததும் மிச்சமிருக்கும் கொல்லையையும் விற்றுவிட்டு எங்கள் இருவரையும் புதுச்சேரியில் ஒரு மாடி வீட்டில் கொண்டுபோய் வைக்கப் போகிறாய், அங்கே நாங்கள் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். இத்தனை நாள் உழைத்தது போதும் என்று எழுதி, அதன் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு, "இன்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "எல்லாரும் நல்லா இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. கூட்டிய வாசலையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன். அடுப்படியைப் பார்த்துக்கொள்கிற பாக்கியம் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

ஏன் அவருக்குப் படித்துக் காட்டவில்லை என்று கேட்பாய். கொல்லை அவர் பேரில் இருக்கிறது. பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய் அவர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். போன வருஷமாக இருந்தால் நீ காகிதத்தை நீட்டியவுடன், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருப்பார். இந்த வருஷம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். என் அப்பா வில்லியனூரில் கடைக்கணக்கு எழுதியவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று என் அம்மா அவரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள். கடல் தாண்டி இருக்கிற மகனோடு சண்டை போடத்தான் என்று இப்போது தெரிகிறது.

நீ கடைசியாகச் சைகோனிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சாய்வு நாற்காலியை நினைத்துப் பார். மாட்டு வண்டியிலிருந்து அதை இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. வழுவழுவென்று மரம், கைவைக்க அகலமான பலகை, பின்னல் ஒரு இழை பிசகாமல் இருந்தது. உன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாய். "இனிமே நீ இதவுட்டு எழுந்திருக்கக் கூடாதுப்பா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கழனியைக் கோவிந்தனுக்குக் குத்தகைக்கு விட்டாய். என் தூரத்து உறவில் தனியாக இருந்த பாக்கியத்தை அழைத்துவந்து அடுப்படியை ஒப்படைத்தாய். கிருமாம்பாக்கம் வரைக்கும் பேச்சு, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. நீ அன்பில்தான் செய்தாய். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அந்த அன்பு இங்கே என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

நீ கப்பல் ஏறிய மறுவாரம், பழக்க தோஷத்தில் உன் அப்பா விடியற்காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். குத்தகைக்கு விட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. கால் கேட்கவில்லை, அவ்வளவுதான். கோவிந்தன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தானாம். மண்வெட்டியை வாங்கி வரப்பில் வைத்தானாம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, "குந்துங்க மாமா. சைகோன்காரரோட அப்பா நீங்க. நீங்க மம்பட்டி புடிச்சா ஊரு என் மூஞ்சியிலதான் துப்பும். நாங்க பாத்துக்கறோம்" என்றானாம். இளநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் போனார், மறுநாளும் இளநீர். அதற்கப்புறம் போகவில்லை. மேரி ஆபீஸில் ஊர்க்கூட்டம் என்றால் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், ஆனால் வாய்க்காலைப் பற்றியோ மதகைப் பற்றியோ அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் மாலை போட்டார்கள், பந்தல்கால் நட மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். ஒருவன்கூட மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, பார்த்துக்கொள். மரியாதையாகவே அவர் கையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் சைகோன் சம்பாத்தியம் வருகிற வீட்டில் எல்லோரும் செய்கிற தப்பு இது. அப்பன் உட்கார்ந்திருந்தால்தான் பிள்ளைக்குக் கௌரவம் என்று நினைக்கிறோம்.

என் கதையும் அதுதான், ஆனால் எனக்கு வாய் இருக்கிறது. பாக்கியம் நல்லவள், கஷ்டமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு நாளில் விரட்டியிருப்பேன். நான் அடுப்படிப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், "நீங்க போய் காலை நீட்டிக் குந்துங்க பெரிம்மா" என்பாள். நீட்டிய காலை எத்தனை நாழி பார்த்துக்கொண்டிருப்பது? அவள் புடைத்து வைத்த அரிசியில் கல் பொறுக்கினேன், இல்லாத கல்லை. அவள் தேய்த்து வைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் மறுபடி தேய்த்தேன். ஒருநாள் அவள் அழுதுவிட்டாள். "என் வேலை சுத்தமா இல்லன்னா சொல்லிடுங்க, நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடறேன்" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "உன் வேலைல ஒரு கொறையும் இல்லடி, எனக்குத்தான் வேலை இல்ல" என்றேன். இரண்டு பேரும் அழுது முடித்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சோறும் பாத்திரமும் அவளுக்கு, குழம்பும் கொல்லைக் காய்கறியும் எனக்கு. அன்று ராத்திரிதான் பல மாதம் கழித்து அலுப்பில் தூங்கினேன். அப்படித் தூங்குவது எவ்வளவு சுகம் என்று உனக்கு இந்த வயதில் தெரியாது.

இரு, மழை தூறுகிறது. வறட்டியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து இப்படித்தான், எதையும் ஒரே மூச்சில் செய்ய முடியவில்லை. எங்கே விட்டேன்? என் வாய் எனக்கு வழி தேடிக்கொண்டது. உன் அப்பாவுக்கு அப்படிக் கேட்டு வாங்கத் தெரியாது. குந்து என்றார்கள், குந்திவிட்டார். முதலில் பின்னல் முதுகைக் குத்துகிறது என்று முணுமுணுத்தார். பிறகு அந்த முணுமுணுப்பும் நின்றது. கால் வீங்கியது. இன்றைக்கு என்ன கிழமை என்று காலையில் கேட்பார், மத்தியானமும் கேட்பார். வைத்த சோற்றைச் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் என்று நம்பியிருப்பேன், வைகாசியில் அந்த மழை வராமல் இருந்திருந்தால்.

கொல்லையில் பறித்த மிளகாயை வாசலில் பாய் விரித்துக் காயப் போட்டிருந்தேன், தாழ்வாரத்தில் இருந்த நாற்காலிக்கு எதிரிலேயே. நான் பின்னால் கிணற்றடியில் இருந்தேன். பாக்கியம் அரிசி இடிக்கப் போயிருந்தாள். திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு கோடை மழை கொட்டிவிட்டது. உன் அப்பாவை உனக்குத் தெரியும். மண்வாசனை மூக்கில் பட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து களத்துக்கு ஓடுகிறவர். நெல்லை மூடிவிட்டு வந்துதான் கை கழுவுவார். அந்த நினைப்பில் நான் மெதுவாகத்தான் வந்தேன். வந்து பார்த்தால் வாசல் முழுக்கச் சிவப்பாக மிதக்கிறது. அவர் கால் நனையாமல் தூக்கி நாற்காலி மேலே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னாங்க, மொளகா நனையறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். "தெரிஞ்சுது" என்றார். "அப்புறம் இன்னா?" அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "யாராவது பாத்துக்குவாங்கன்னு இருந்தேன்" என்றார்.

மிளகாய் போனால் போகிறது, அடுத்த பட்டத்தில் காய்க்கும். அந்தப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊர் கூடிச் சொல்லிச் சொல்லி, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் தன் உயிரையே விட்டுவிடுவார் போலிருந்தது. ஈர மிளகாயை வாரிக்கொண்டே அன்றைக்கு முடிவு செய்தேன், இவரை இந்த நாற்காலியிலிருந்து எழுப்பாமல் விடுவதில்லை என்று.

எழுந்திருங்கள் என்று சொன்னால் எழுந்திருக்கிற ஆளா? சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்றால் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வருவார், மறுபடி நாற்காலி. சும்மா நடக்க அவருக்குத் தெரியாது. ஏதோ ஒன்றுக்காக நடக்கத்தான் தெரியும். ஆவணி வந்தது. பாகூர் ஏரி வாய்க்காலில் தூர் எடுக்கிற முறை வந்தது. உனக்கு மறந்திருக்காது. மழைக்கு முன்னால் பாசனக்காரர் எல்லோரும் கூடி, கயிறு போட்டு அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு விடுவார்கள். அந்தப் பங்கில் இருக்கிற சேற்றை வெட்டிக் கரையில் போட வேண்டியது அந்த வீட்டுப் பொறுப்பு. நாற்காலி வந்ததிலிருந்து நம் பங்குக்குக் கோவிந்தன்தான் கூலியாள் வைத்து முடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் எங்க பங்குக்கு ஆள் வெக்காத" என்றேன். அவன் முழித்தான். "பின்ன யாரு அத்த வெட்டுவாங்க?" "அத நான் பாத்துக்கறேன், போ" என்றேன். எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன வார்த்தையை நான் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான்.

வந்து உன் அப்பா காதுபடச் சொன்னேன். "நம்ம பங்குக்கு ஆள் வெக்கல. அப்படியே கெடக்கப் போவுது. தண்ணி வந்து நம்ம எடத்துல முட்டிக்கினு நிக்கும். கீழ இருக்கறவன்லாம் உங்க பேரச் சொல்லித்தான் திட்டுவான்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, கை நழுவிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நானும் போய்ப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. மூலையில் இருந்த மண்வெட்டியைக் காணோம். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சைகோன்காரர் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறாள் என்று தெருவில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

நான் போவதற்குள் அங்கே அமர்க்களம். நாலைந்து பேர் அவரைச் சுற்றிக்கொண்டு, மாமா விடுங்கள், மாமா விடுங்கள் என்கிறார்கள். கோவிந்தன் மண்வெட்டிப் பிடியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறான், இவர் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவோ காலம் கழித்து அதில் கோபம் இருந்தது. "உடுடா. நானே வெட்றேன்" என்றார். நான் கரையில் நின்று கத்தினேன். "அவரு பங்குல எவனும் கால வெக்கக் கூடாது! ஒத்தாசை பண்றேன்னு யாராவது எறங்குனீங்க, நான் இங்கியே குந்திக்குவேன், தண்ணிய எம்மேல உட்டுக்குங்க!" எல்லோரும் விலகிக்கொண்டார்கள். என் வாய்க்கு இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது.

நீ நினைக்கிற மாதிரி பழைய சூரர் திரும்பி வந்துவிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் அழகாக ஒன்றும் வெட்டவில்லை. இரண்டு கொத்துப் போடுவார், நின்று மூச்சு வாங்குவார். அடி கோணலாகப் போயிற்று. நான் கால் கூடை சேறு அள்ளிக் கரையில் கொட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். பொழுது சாய்வதற்குள் மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நம் பங்கு பாதிகூட ஆகவில்லை. நான் போட்ட சத்தத்தில் ஒருவனும் கை வைக்கவில்லை, அதற்கு அவர்களுக்கு நன்றி. மறுநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். அவர் வெட்டுவார், நான் அள்ளுவேன். முதல்நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு, "இன்னாடி கொழம்பு இது, உப்பே இல்ல" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடிப்போய் ஒரு சிட்டிகை எடுத்துவந்து போட்டேன். குறை சொன்னாரே! எத்தனை மாதம் கழித்து வாய்க்கு ருசி தெரிந்து குறை சொல்லியிருக்கிறார்! பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று சிரித்தேன், அழுதேன்.

கடைசி நாள் மண்வெட்டி நழுவி அவர் கால் பெருவிரலில் பட்டுவிட்டது. இதைத்தான் இங்கிருந்து கப்பல் ஏறிய புண்ணியவான் யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறான். உன் அப்பா கூலியாள் மாதிரி வாய்க்காலில் சேறு அள்ளிக் காலை வெட்டிக்கொண்டார், ஊர் சிரிக்கிறது என்று நீயும் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். காயம் பட்டது நிஜம். ரத்தம் வந்ததும் நிஜம், நான் மஞ்சள் வைத்துத் துணி கட்டியதும் நிஜம். ஊர் சிரித்ததும் கொஞ்சம் நிஜம்தான். கூலியாள் மாதிரி என்றது மட்டும் பொய். கூலியாள் பொழுது சாய்ந்ததும் போய்விடுவான். இவர் தன் பங்கு முடியாமல் போக மாட்டேன் என்றார். விரல் ஆறுகிற வரை நொண்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நாற்காலிக்குப் போகவில்லை. கொல்லையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கத்திரி விதை பாவினார். கால் ஆறியதும் நாற்றைப் பிடுங்கி நட்டார். இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்து கொல்லைக்குப் போகிறார். எந்தச் செடி வாடியது, எந்தச் செடியில் பூச்சி வைத்தது என்று வந்து சொல்கிறார். மிச்ச நாற்றை மடுகரையிலிருந்து உன் பெரியம்மா மகன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கோவிந்தனோடு வரப்புத் தகராறு வேறு. அவன் மனதுக்குள் ஏன்டா இவரை எழுப்பினார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். கிழமை எல்லாம் சரியாகத் தெரிகிறது. எல்லா நாளும் அப்படி இல்லை, மறைக்க மாட்டேன். சில நாள் மத்தியானத்துக்கு மேல் அசந்து போய்விடுகிறார், என் பேரை மறந்து உன் அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். வேலையாகத்தானே கூப்பிடுகிறார்.

நீ தவழ்கிற வயதைத் தாண்டி நடக்க ஆரம்பித்த சமயம். நான் சோறு பிசைந்து ஊட்ட வந்தால் என் கையைத் தட்டிவிடுவாய். "நானே" என்பாய். உனக்கு வந்த முதல் நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. பாதிச் சோறு மூக்கில், பாதிச் சோறு தரையில். உன் அப்பா அதைப் பார்த்து, "பாத்தியா என் புள்ளய, நானேன்றான்" என்று கழனிக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒருவரும் உன் கையைக் கட்டி வைக்கவில்லை. இன்றைக்கு அதே வார்த்தையை அவர் வாய்க்காலில் நின்று சொன்னால் மட்டும் ஊருக்கும் உனக்கும் ஏன் அவமானமாக இருக்கிறது? அவரும் கொஞ்சம் சிந்துகிறார், கொஞ்சம் கோணல் ஆகிறது, அவ்வளவுதானே? நீ சிந்தியதைத் துடைக்க நாங்கள் இருந்தோம் இல்லையா?

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ முதல்தடவை சைகோன் போன அன்றைக்குப் புதுச்சேரிக் கடற்கரைப் பாலத்தில் நின்று கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தோம். நான் மூச்சு முட்ட அழுதேன். அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். வண்டி வீட்டு வாசலில் நின்றதும் உள்ளேகூட வரவில்லை. நேராகக் கரும்புக் கொல்லைக்குப் போய்ச் சோகை இலையை உரிக்க ஆரம்பித்தார். இருட்டுகிற வரைக்கும் வெறிபிடித்த மாதிரி உரித்தார். வந்து கையைக் காட்டினார், தோள் வரைக்கும் சோகை அறுத்த கோடு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது, அவர் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்று. அவருக்குத் துக்கமானாலும் கைவழியாகத்தான் இறங்கும், சந்தோஷமானாலும் கைவழியாகத்தான் வரும். உன்மேல் வைத்திருக்கிற பாசமும் அப்படித்தான். அந்தக் கையைத்தான் நாற்காலிப் பலகைமேல் எடுத்து வைத்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றாய்.

உன்னை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. செய், நிறையச் செய். எங்களுக்கு வயதாகிவிட்டது என்பது பொய்யில்லை. கிணற்றடிப் படியில் பாசி பிடித்து வழுக்குகிறது, வந்ததும் அதைக் கொத்திச் சரி பண்ணு. பிடித்துக்கொண்டு இறங்க ஒரு கட்டை நட்டுக் கொடு. உன் அப்பாவுக்கு அந்தப் பழைய மண்வெட்டி கனம். சின்னதாக, பிடி நீளமாக ஒன்று அடிக்கச் சொல். எனக்கு அரிசியில் நிஜக் கல் இருந்தாலும் இப்போது தெரிவதில்லை, ஒரு கண்ணாடி வாங்கி வா. கொல்லை நடுவில் நிழலாக ஒரு பந்தல் போட்டால் இரண்டு பாத்திக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருப்போம். இதையெல்லாம் செய்கிற பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். டவுன் மாடி வீட்டில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு நாங்கள் என்ன கூண்டில் வைத்த கிளியா? அங்கே போனால் உன் அப்பா மறுபடி சைகோன் நாற்காலிக்குள் போய்விடுவார். இந்தத் தடவை அவரை வெளியே இழுக்க அங்கே எனக்கு ஒரு வாய்க்கால் கிடைக்காது. எனக்கு அதுதான் பயம், வேறு ஒன்றும் இல்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மேலே எழுத ஓடவில்லை. அவர் கொல்லை, அவர் கையெழுத்து. அவருக்குச் சொல்லாமல் நான் உன்னிடம் வழக்காடிக்கொண்டிருந்தால், நானும் அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறவள்தானே? எழுந்து உள்ளும் வெளியும் நடந்தேன். கோழியைத் தேவையில்லாமல் விரட்டினேன். பிறகு துணிந்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. பாத்தியில் நின்ற தண்ணீரை அவர் காலால் வழி வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். "உங்க புள்ள எழுதினத முழுசா படிச்சுக் காட்டல நானு. இப்ப படிக்கறேன், கேளுங்க" என்றேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கொல்லை விற்கிறது, மாடி வீடு, கோடு போட்டது எல்லாம். அவர் தலை நிமிரவில்லை. காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது உனக்கு அங்கே கேட்டிருக்கும். அவன் சொன்னால் சரி, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடக் கூடாதே என்று கடவுளை வேண்டிக்கொண்டு நின்றேன்.

"தை மாசமா வரான்?" என்று கேட்டார்.

"ஆமா."

கத்திரிச் செடிகளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். "தையில காய்ப்பு மும்மரமா இருக்கும். நொத்தேரு கிட்ட அலையறதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஒழியாதுன்னு எழுது" என்றார். பிறகு குனிந்து தண்ணீருக்கு வழி விடப் போய்விட்டார். நான் திரும்பியதும் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "வாய்க்கால்ல நம்ம பங்குல ஒரு எடத்துல கரை சரிஞ்சிருக்குது. அவன் வந்தா ரெண்டு பேரா போட்டுட்லாம். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். அவருக்கு ஒழியாதாம் மகனே! அந்த வார்த்தையை அவர் வாயால் மறுபடி கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால் மழை என்று நினைத்துக்கொள்ளாதே, இந்தப் பக்கம் கூரை ஒழுகவில்லை.

நீ வா. மருமகளையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வா. நாற்காலிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, தினமும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். கப்பலில் வந்த களைப்புக்கு நீயே அதில் சாய்ந்துகொள். பாக்கியம் காபி கொண்டுவந்து தருவாள், கோவிந்தன் இளநீர் வெட்டித் தருவான், நீ ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம், நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம். எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன் அம்மா